எட்டு தசராப் படங்கள்

எங்கள் சொந்தக்காரர்களில் யாருக்காவது அறுபதாம் கல்யாணம் என்றால் முதலில் மண்டபத்துக்குப் போன் போடுவார்கள், அடுத்தது எனக்கு. பழைய போட்டோக்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்து என் சாப்பாட்டு மேசையில் கொட்டுவார்கள். நான் அவற்றை வருஷவாரியாகப் பிரித்து, ஓரம் வெட்டி, படத்தைப் பிடிக்கிற காகித மூலை ஒட்டி, கீழே யார் யார் என்று எழுதி, அந்தக் குடும்பத்தின் கதையை ஆல்பமாகச் செய்து கொடுப்பேன். ஒரே சட்டத்துக்குள் நாற்பது முகங்களைச் சேர்த்து ஒட்டி, கூடத்தில் மாட்டுகிற மாதிரியும் செய்வதுண்டு. வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்த பொழுதுபோக்கு இது. மைசூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னை ஆல்பம் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இதில் ஒட்டுகிற வேலையைவிட வெட்டுகிற வேலைதான் அதிகம். விவாகரத்தாகிப் போன மாப்பிள்ளையை எடுத்துவிடச் சொல்வார்கள். வீட்டுப் பங்கில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய சித்தப்பாவை எடுத்துவிடச் சொல்வார்கள். ஆள் ஓரத்தில் நின்றால் சுலபம், நடுவில் நின்றால் கொஞ்சம் பாடு. ஏன் என்று நான் கேட்டதே இல்லை. “ஆன்ட்டி வெட்டினா வெட்டின இடமே தெரியாது” என்று மெச்சுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இன்னொருவர் வீட்டு ஆல்பத்துக்கு மூலை ஒட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“சித்திங்களா?” என்றது ஒரு பெண் குரல். “நான் கொள்ளேகால்ல இருந்து பேசறேனுங்க. உங்கக்கா பொண்ணு. அம்மா தவறிட்டாங்க சித்தி. இன்னியோட ஆறு நாளாச்சுங்க.”

எனக்கு ஒரே ஒரு அக்கா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். நாற்பத்து நான்கு வருஷமாக நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் ஏதோ வெளிநாட்டில் இருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். மைசூரிலிருந்து கொள்ளேகாலுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

“என் நம்பர் எப்படிம்மா கிடைச்சது?” என்று கேட்டேன். செத்துப்போனவளைப் பற்றிக் கேட்காமல் நம்பரைப் பற்றிக் கேட்டேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

“அம்மா போன்லயே இருந்துச்சுங்க. பாப்பான்னு போட்டு வெச்சிருந்தாங்க. அது நீங்கதான்னு அப்பாதான் சொன்னாரு.”

யாரிடம் வாங்கினாளோ, எத்தனை வருஷம் வைத்திருந்தாளோ. ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. எனக்கும் அவள் இருக்கிற தெரு தெரியும், நானும் ஒரு தடவைகூடப் போனதில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்னிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். “பதினாறாம் நாளுக்கு அம்மாவோட ஆல்பம் ஒண்ணு பண்றேனுங்க சித்தி, வர்றவங்க பாக்கற மாதிரி. கல்யாணத்துல இருந்து எல்லாம் இருக்குதுங்க. அதுக்கு முந்தி ஒண்ணுமே இல்ல. மொதப் பக்கம் காலியாக் கெடக்குது. அம்மா சின்ன வயசுல எப்படி இருந்தாங்கன்னு நான் பாத்ததே இல்லீங்க. ஒரே ஒரு போட்டோ இருந்தாப் போதுமுங்க.”

“தேடிப் பாக்கறேன்மா” என்றேன். அட்டாலியில் எங்கேயோ மறந்து கிடக்கிற பொருளைப் பற்றிப் பேசுகிறவள் மாதிரி சொன்னேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் தனியாக கேமரா எல்லாம் கிடையாது. அப்பா ஃபேக்டரி வேலை. வருஷத்துக்கு ஒரே ஒரு போட்டோ, அது தசரா பொருட்காட்சியில். அங்கே ஒரு போட்டோக் கடை போடுவார்கள். பின்னால் துணியில் அரண்மனை வரைந்திருக்கும், முன்னால் இரண்டு நாற்காலி. அப்பா ஒரு நாற்காலி, அம்மா ஒரு நாற்காலி. நடுவில் நான் நிற்பேன், எனக்குப் பின்னால் அக்கா. கேமராக்காரர் “ரெடி” என்றதும் நான் நெளிய ஆரம்பிப்பேன். ஆகவே அக்கா என் இடது தோளில் கையை வைத்து அழுத்திக்கொள்வாள். படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் எடுக்கவே மாட்டாள். இப்படி எட்டு தசரா, எட்டுப் படம். நாங்கள் வளர்வதைத் தவிர அவற்றில் எதுவுமே மாறியிருக்காது.

அக்காவின் சுண்டுவிரல் முருங்கைக்காய் மாதிரி உள்பக்கம் வளைந்திருக்கும். நான் அதைச் சொல்லித்தான் அவளைக் கேலி செய்வேன். “சாம்பார்ல போட்டுடுவேன்” என்பேன். அவள் அந்த விரலாலேயே என் தலையில் குட்டுவாள்.

படிப்பை முடித்துவிட்டு அவள் தேவராஜ மொஹல்லா கடைவீதியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கொள்ளேகாலிலிருந்து பட்டுப் புடவை நெய்து கொண்டுவந்து கொடுக்கிற தறிக்காரர் ஒருவர் அந்தக் கடைக்கு வருவார். அவர் வேறு சாதி. பத்தொன்பது வயதில் அக்கா அவரோடு போய்விட்டாள். வீட்டில் யாரும் கத்தவில்லை, யாரும் தேடிப் போகவில்லை. மூன்றாம் நாள் காலை அப்பா எழுந்து வந்து, ஆல்பத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

“பாப்பா, கத்திரியை எடுத்துட்டு வா. உனக்குத்தான் கை நேரா போகும்.”

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் படம் வெட்டி ஒட்டுகிற நோட்டுப் புத்தகத்தில் எப்போதும் நான்தான் முதல். அப்பா அதைச் சொல்லிக் கூப்பிட்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, எழுதவே கூசுகிறது. எனக்கு அழுகை வரவில்லை. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்கிற கோபம்தான் இருந்தது. அதற்கு மேல், பிசிறில்லாமல் வெட்டிக் காட்ட வேண்டும் என்கிற அக்கறை இருந்தது.

“நம்ம யாருக்கும் சேதம் ஆகக் கூடாது. அவ மட்டும் போகணும்” என்றார் அப்பா.

நான் மேலிருந்து கத்திரியை இறக்கினேன். அப்பாவின் காதை ஒட்டி வந்து, என் தலையைச் சுற்றி, அம்மாவின் கொண்டையை ஒட்டி மேலே ஏறினேன். ஒவ்வொரு படத்திலும் அரண்மனைக்கு நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. மூன்றாவது படத்திலேயே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. என் தோளில் அவள் கை இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் என்னையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். “அப்பா, கை இருக்கே” என்றேன். அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “விடு. உனக்கு ஓட்டை விழும்” என்றார்.

எட்டுப் படமும் முடிந்ததும், வெட்டின துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் போட்டார். அம்மா சமையற்கட்டிலேயே இருந்தாள். அன்றைக்கு அப்பாவும் நானும் அந்த வெந்நீரில் குளித்தோம், அம்மா மட்டும் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். மார்கழிக் குளிர் அது.

அந்த ஓட்டைப் படங்களை அப்பா தூக்கி எறியவில்லை, ஆல்பத்திலேயே திரும்ப வைத்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் புரட்டிப் பார்த்துக் கேட்டால் அம்மா “செல்லரிச்சுடுச்சு” என்பாள். பூச்சி அவ்வளவு ஒழுங்காக அரிக்குமா, அதுவும் எட்டுப் படத்திலும் ஒரே இடத்திலா என்று கேட்க வந்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்டதில்லை. ஊருக்கு அந்த நாகரிகம் உண்டு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் கேட்டால் “அப்பா வெட்டிப் போட்டுட்டார்” என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். செத்துப்போனவர் மறுத்துப் பேசப் போவதில்லை.

போன் வந்த மறுநாள் தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். அக்கா படித்த பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் வகுப்புப் படம் எடுக்கிற ஸ்டூடியோ ஒன்று அங்கே இருந்தது. அவள் பத்தாவது படித்த வருஷத்துப் படமும் அவர்கள்தான் எடுத்தார்கள். கடை இன்னும் அதே மாடியில்தான் இருந்தது. ஆனால் கீழ்ப்படியிலிருந்தே செல்போன் உறையும் சார்ஜரும் தொங்கின. கல்லாவில் பழைய முதலாளியின் மகன் உட்கார்ந்திருந்தார், அவருக்கே தலை நரைத்திருந்தது. அக்காவின் வகுப்புப் படத்தைக் கேட்டேன்.

“பழைய நெகட்டிவா மேடம்? அதெல்லாம் எங்க இருக்கு?” என்றார். “அதுல இருந்து வெள்ளி எடுக்கறவங்க வருவாங்க. அப்பா காலத்துலயே மூட்டை மூட்டையா தூக்கிக் கொடுத்துட்டோம். போச்சு, அஷ்டே.”

போச்சு, அவ்வளவுதான். எங்களிடம் நெருப்பில் போனது, அவரிடம் வெள்ளியாகப் போனது. நான் படியிறங்கத் திரும்பினேன். அவருக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“ஒரு நிமிஷம் மேடம். உங்க அக்காதானே? உங்க சின்ன வயசுப் போட்டோ ஏதாவது கொடுங்க. கம்ப்யூட்டர்ல போட்டு அக்கா மாதிரி பண்ணித் தரேன். ரெட்டைப் பின்னல், தாவணி எல்லாம் வெச்சுடலாம். இப்ப இதெல்லாம் ஒரு வேலையே இல்ல. எத்தனை பேருக்குப் பண்ணிக் கொடுத்திருக்கேன் தெரியுமா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்வதைவிட இது எனக்கு எளிதாகப் பட்டது. கல்லூரி அடையாள அட்டையிலிருந்த என் பதினேழு வயதுப் படத்தைக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, “கன்னம் கொஞ்சம் ஒடுக்கணும், நெத்தி இன்னும் அகலம்” என்று சொல்லிச் சொல்லித் திருத்த வைத்தேன். சொல்லச் சொல்ல ஒரு விஷயம் புரிந்து பயம் வந்தது. எனக்கு அவள் முகம் மறந்துவிட்டது. பின்னல் நினைவிருந்தது, விரல் நினைவிருந்தது, குரல்கூட இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

கறுப்பு வெள்ளையில், ஓரத்தில் கொஞ்சம் பழுப்பேறின மாதிரி, நேர்த்தியான ஒரு படத்தைக் கையில் கொடுத்தார். தாவணி போட்ட ஒரு பெண் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பினவள் நான். பூசணிக்காய்க்கு அழகாக ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன்.

பதினான்காம் நாள் கொள்ளேகாலுக்கு பஸ் ஏறினேன். பையில் அந்தப் படமும், கூடவே எங்கள் பழைய ஆல்பமும் இருந்தன. ஆல்பத்தை எதற்கு எடுத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. தாத்தா பாட்டி முகத்தையாவது அந்தப் பெண் பார்க்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டையைப் பற்றிக் கேட்டால் “அப்பா” என்று சொல்லத் தயாராகவே போனேன்.

வீட்டின் முன்னறையில் தறி நின்றிருந்தது. அதில் பாதி நெய்த புடவை அப்படியே இருந்தது. சுவரில் அக்கா படம், மாலை போட்டு, கண்ணாடியில் பொட்டு வைத்து. அறுபது வயதுக்காரி, மூக்குத்தியும் மூக்குக்கண்ணாடியுமாக. நான் அவளைத் தெருவில் பார்த்திருந்தால் கடந்து போயிருப்பேன். அதுதான் என்னை முதலில் அடித்தது. அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா பெண் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது வீங்கின முகம், ஆனால் நிதானமாக இருந்தாள்.

அவள் செய்துகொண்டிருந்த ஆல்பத்தைக் காட்டினாள். கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாக எடுத்த கல்யாணப் படத்திலிருந்து தொடங்கி, கைக்குழந்தையோடு, தறியோடு, பேரப்பிள்ளையோடு என்று வரிசையாகப் போயிற்று. கல்யாணப் படத்தில் வெயில் முகத்திலடித்து, கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின பக்கம் வெறும் கறுப்பு அட்டை, நான்கு மூலை மட்டும் ஒட்டித் தயாராக இருந்தது.

நான் சட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. “அம்மா எவ்வளவு லட்சணமா இருந்திருக்காங்க பாருங்கப்பா” என்று சொல்லிக்கொண்டே உள்ளே இருந்த அவள் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அக்கா வீட்டுக்காரரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இழை பார்த்துப் பார்த்துக் கண் மங்கின மனிதர். படத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வாசல் வெளிச்சத்துக்கு வந்து பார்த்தார். என்னைத் தவிர அவர் ஒருவர்தான் அவளை அந்த வயதில் பார்த்தவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தானே அவர் மைசூருக்கு வந்து வந்து போனார்?

“இது யாருங்க அம்மணி?” என்று என்னிடம் கேட்டார். கோபமே இல்லை. தெரியாமல்தான் கேட்டார். “இது அவ இல்லீங்களே.”

அக்கா பெண் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்காமலேயே என் பையில் தெரிந்த ஆல்பத்தை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து புரட்டினாள். முதல் தசரா, இரண்டாவது தசரா. நாற்காலியில் இருவர், நடுவில் நான், எனக்குப் பின்னால் ஓட்டை. எட்டாவது படம்தான் எல்லாவற்றிலும் தெளிவானது. அங்கே நிறுத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இது அம்மா கை” என்றாள்.

தன் இடது கையை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய சுண்டுவிரலும் முருங்கைக்காய் மாதிரி வளைந்திருந்தது.

“யாருங்க சித்தி வெட்டுனது?”

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் என் முன்னால் அந்தப் பொய்ப் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு பொய்யை அவர் கையில் கொடுக்க என்னால் முடியவில்லை.

“நான்தான்மா. அப்பா சொன்னார், நான் வெட்டினேன். எட்டும் நான்தான் வெட்டினேன். துண்டை எல்லாம் எரிச்சுட்டோம். வேற போட்டோ எங்கயும் இல்ல. அந்தப் படம் கம்ப்யூட்டர்ல பண்ணினது. என் முகம்தான் அது.”

அவர் சட்டத்தைத் தறிப் பலகையில் கவிழ்த்து வைத்தார். “பக்கத்துலதான இருந்தீங்க அம்மணி? ஒருக்கா வந்திருக்கலாம்ல” என்றார். “ஒவ்வொரு தசராவுக்கும் அவ சொல்லுவாளுங்க, பாப்பா இந்நேரம் பொருட்காட்சியில நிக்கும், நெளிஞ்சுக்கிட்டு நிக்கும்னு.” அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா பெண்ணும் திட்டவில்லை. எழுந்து போய்த் தறிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய சின்னக் கத்திரியை எடுத்து வந்தாள். இழை வெட்டுகிற கத்திரி, அக்காவுடையதாகத்தான் இருக்க வேண்டும். எட்டாவது படத்தை ஆல்பத்திலிருந்து கழற்றி, இரண்டையும் என் முன்னால் வைத்தாள்.

“அந்தக் கையை மட்டும் வெட்டிக் குடுங்க சித்தி.”

“நீயே வெட்டிக்கோம்மா” என்றேன்.

“எனக்கு நேரா வராதுங்க. நீங்கதான் நல்லா வெட்டுவீங்களே.”

குத்திச் சொன்னாளா, வெள்ளையாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கத்திரியை எடுத்தேன். ஒரு விரலும் சேதமாகக் கூடாதென்று, சுண்டுவிரலின் வளைவைச் சுற்றி மெதுவாகப் போனேன். கையோடு என் தோளும், சட்டையின் காலரும், ஒரு பக்கக் கன்னத்தில் பாதியும் வந்தன. அந்தக் கையிலிருந்து என்னைச் செதுக்கி எடுத்துவிட்டு, கையை மட்டும் அவளிடம் கொடுத்தேன். அவள் அதைக் கறுப்புப் பக்கத்தின் நடுவில் வைத்துப் பசை தடவி ஒட்டினாள். மூலைகள் நான்கும் எட்டாத தூரத்தில் நின்றன. அவ்வளவு பெரிய பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கை.

மிச்சப் படத்தை எங்கள் ஆல்பத்தில் திரும்பச் செருகினேன். கீழே ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன், பழக்க தோஷம். வேண்டாம் என்றாள். பதினாறாம் நாளுக்கு வாங்க என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து, பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே திரும்பி நடந்துவிட்டாள்.

இப்போதும் ஆல்பம் செய்கிறேன். யாரையாவது வெட்டி எடுக்கச் சொன்னால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எங்கள் பழைய ஆல்பம் அலமாரியில் வெளியிலேயே இருக்கிறது. போன மாதம் அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் கொண்டுவந்த ஒருத்தி அதைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசிப் படத்தில் நின்றாள். அங்கே நாற்காலிகளில் இருவர் நேராக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் தோளும் கன்னமும் இல்லாத ஒரு சிறுமி நிற்கிறாள்.

“ஐயோ ஆன்ட்டி, செல்லரிச்சிருக்கே” என்றாள்.

“இல்லம்மா” என்றேன். “எல்லாம் நான் வெட்டினது.”